கிறிஸ்தவர் வன்முறை கேம் ஆடலாமா? வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. "கொலை செய்யாதிருப்பாயாக என்று எழுதியிருக்கிறது, பேச்சு முடிந்தது" என்பது ஒன்று. "சாவது பொம்மைதானே, யாருக்கு என்ன நஷ்டம்?" என்பது இன்னொன்று. இரண்டையும் கேமைத் திறந்துகூடப் பார்க்காமல் சொல்லிவிடலாம். அதனால்தான் எதை வாங்குவது, எதை அழிப்பது என்று தீர்மானிக்க உட்காரும் ஒரு வாலிபனுக்கு இரண்டுமே கைகொடுப்பதில்லை.

கட்டளை தடுப்பது கொலையை. கொலையைச் சொல்வதையும் காட்டுவதையும் சேர்த்துத் தடுத்திருந்தால் நியாயாதிபதிகள் புத்தகத்தைச் சபையில் வாசிக்கவே முடியாது. யாகேல் தூங்குகிற சிசெராவின் தலையில் கூடார ஆணியை அடித்து இறக்குவது 4ஆம் அதிகாரத்தில் வருகிறது. ஒரு பெண்ணை இரவெல்லாம் வதைத்துச் சாகடிப்பதைச் சொல்லும் 19ஆம் அதிகாரத்தை ஞாயிறு பள்ளியில் யாரும் நடத்துவதில்லை. "பொம்மைதானே" என்கிற பதிலோ மத்தேயு 5இல் முட்டி நின்றுவிடுகிறது. அங்கே இயேசு கொலையை விசாரிக்க ஆயுதத்தைத் தேடிப் போகவில்லை, கோபத்தைத் தேடிப் போகிறார். திரையில் யாரும் சாகவில்லை, சரி. ஆடுகிறவருக்குள் எது வளர்கிறது?

சங்கீதம் 11:5 இங்கே உதவுகிறது: "துன்மார்க்கனையும் கொடுமையில் பிரியமுள்ளவனையும் அவருடைய உள்ளம் வெறுக்கிறது." கொடுமையைப் பார்த்தவனையோ அதைப் பற்றி வாசித்தவனையோ அல்ல, அதில் ருசி கண்டவனைத்தான் சங்கீதக்காரர் சொல்கிறார். ஆகவே ஒரு கேமில் வன்முறை உண்டா என்பது பாதிக் கேள்வி. அந்த கேம் எந்த வன்முறையை, எந்த வழியில் ருசிக்க வைக்கிறது என்பது மீதிக் கேள்வி. இதை ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை. எதற்குப் புள்ளி, எதற்குத் தண்டனை, எதைச் செய்தால் அடுத்த லெவல் திறக்கும் என்பதெல்லாம் கேமின் விதிகளிலேயே இருக்கின்றன. ஒரு சினிமா உங்களிடம் எதை எதிர்பார்க்கிறது என்று கணிக்கத்தான் முடியும். கேமில் அதைக் கண்ணால் பார்க்கலாம்.

முதலில் பார்க்க வேண்டியது கூலி. 2003இல் வந்த மேன்ஹண்ட் கேமில் ஒருவனைக் கொல்ல மூன்று படிநிலைகள் உண்டு. பின்னால் பதுங்கி நின்று பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிக்கிறோமோ, கொலை அவ்வளவு குரூரமாகும். குரூரம் கூடினால் மதிப்பெண்ணும் கூடும். நியூசிலாந்து அந்த ஆண்டே அதைத் தடை செய்தது. 2015இல் வந்த ஹேட்ரெட், தெருவில் போகிற வருகிற அப்பாவிகளைக் கொல்வதையே முழு வேலையாகக் கொடுத்தது. அமெரிக்க மதிப்பீட்டு அமைப்பான இஎஸ்ஆர்பி அதற்கு 'பெரியவர்களுக்கு மட்டும்' என்ற முத்திரை குத்தியது. இந்த இரண்டையும் விசுவாசி ஆடலாமா என்று விவாதிக்க ஒரு வாலிபர் கூட்டத்தைக் கூட்ட வேண்டியதில்லை. ஆடக்கூடாது என்பதே என் தீர்ப்பு. கொடுமைக்கு நேரடியாகக் கூலி கொடுக்கிற கேம், சங்கீதம் சொல்லும் அந்தப் பிரியத்தைத்தான் பயிற்றுவிக்கிறது.

பெரும்பாலான கேம்கள் இவ்வளவு வெளிப்படையாக இருப்பதில்லை. 2016இல் வந்த டூம் கேமில் எதிரியைக் கைக்கெட்டும் தூரத்தில் கிழித்துப் போட்டால் உங்களுக்கு உடல்நலப் புள்ளி கொட்டும். கூலி அங்கேயும் குரூரத்துக்குத்தான். ஆனால் எதிரிகள் நரகத்திலிருந்து வந்த பிசாசுகள். பிசாசைக் கொல்வதில் என்ன தப்பு என்று சிலர் ஆடுவார்கள். நரகமும் ரத்தத்தால் வரைந்த மந்திரக் குறிகளும் நிறைந்த அந்தப் பின்னணியே சிலருக்குத் தாங்காது, முக்கியமாக மாந்திரீகப் பழக்கங்களை விட்டு வந்தவர்களுக்கு. அவர்களைப் பொறுத்தவரை வன்முறையை எடைபோடும் அவசியமே வராது. "விசுவாசத்தினாலே வராத யாவும் பாவமே" என்று ரோமர் 14:23 முடித்துவிடுகிறது.

இரண்டாவது, கொல்லாமல் போக வழி உண்டா? 2012இல் வந்த டிஸ்ஹானர்ட் கேமை ஒருவரையும் கொல்லாமல் முடிக்கலாம். கொன்று குவித்தால் நகரத்தில் எலிகள் பெருகும், கதையின் முடிவும் இருண்டுபோகும். 2015இல் வந்த அண்டர்டேல் கேமில் எதிரே வருகிற ஒவ்வொரு ஜந்துவையும் மன்னித்து அனுப்பலாம். கொன்றால் கதாபாத்திரங்கள் அதை நினைவில் வைத்துக்கொண்டு பேசும். 2014இல் வந்த திஸ் வார் ஆஃப் மைன், முற்றுகையிடப்பட்ட ஊரில் பொதுமக்களாக உயிர் பிழைக்கச் சொல்கிறது. அங்கே ஒரு வயதான தம்பதியின் வீட்டில் புகுந்து கொள்ளையடித்தால் உங்கள் ஆட்கள் மனம் உடைந்து, வேலை செய்ய மாட்டாமல் உட்கார்ந்துவிடுவார்கள். இந்த மூன்றிலும் வன்முறை இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருக்கிறது. போரைப் பற்றி ஒரு போதகர் அரை மணி நேரம் பேசி உணர்த்த முடியாததை இந்த மூன்றாவது கேம் உணர்த்திவிடும் என்பது என் எண்ணம்.

மூன்றாவது, கை யாருடையது? கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2 (2009) விமான நிலையத்தில் பொதுமக்கள் சுட்டுக் கொல்லப்படும் காட்சிக்குள் ஆடுகிறவரை நிறுத்துகிறது. ஆனால் ஒரு தோட்டாவும் சுடாமல் நடந்து கடக்கலாம். இப்படிப்பட்ட காட்சியைத் தாண்டிப் போகலாமா என்று கேம் முதலிலேயே கேட்டுவிடுகிறது. 2013இல் வந்த ஜிடிஏ 5 ஒரு சித்திரவதைக் காட்சியில் கருவியைத் தேர்ந்தெடுக்கும் வேலையையே ஆடுகிறவரிடம் கொடுக்கிறது. கொடுமையைக் காட்டுவதற்கும் உங்களையே செய்ய வைப்பதற்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளியைத்தான் வாங்கும் முன் கண்டுபிடிக்க வேண்டும். மெனோனைட் சபைகளைப் போலப் போரையே மறுக்கும் மரபில் இருப்பவர் ராணுவ கேம்களை முழுவதுமாக ஒதுக்கினால் அதில் நியாயம் உண்டு. லூக்கா 3:14இல் யோவான் ஸ்நானகன் போர்ச்சேவகரை வேலையை விடச் சொல்லவில்லை என்று வாதாடுகிறவருக்கும் நிற்க இடம் உண்டு.

கிறிஸ்தவ முத்திரை ஒட்டியிருந்தால் சோதிக்க வேண்டாம் என்று நினைப்பதுதான் இதில் மோசமான தப்பு. 2006இல் லெஃப்ட் பிஹைண்ட்: எட்டர்னல் ஃபோர்சஸ் என்ற கேம் வந்தது. கடைசிக் கால நியூயார்க் தெருக்களில் ஆட்களை மனந்திரும்பச் செய்து படையில் சேர்க்க வேண்டும். எதிர்ப்பவர்களைச் சுடவும் செய்யலாம். சுட்டால் உங்கள் ஆளின் ஆவிக்குரிய அளவு குறையும். ஜெபப் பொத்தானை அழுத்தினால் ஏறிவிடும்! கொலையைச் செலவாகவும் ஜெபத்தைச் சில்லறையாகவும் மாற்றிய அந்தக் கணக்கைவிட, கடவுளைப் பற்றி மூச்சுவிடாத அண்டர்டேல் எவ்வளவோ மேல்.

இனி, இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது? அட்டையில் இருக்கும் வயதெண்ணோடு நின்றுவிடாதீர்கள். ஐரோப்பாவின் பெகி அமைப்பு 3, 7, 12, 16, 18 என்று வயது போடுகிறது. 16க்கும் 18க்கும் உள்ள வேறுபாடு ரத்தத்தின் அளவு மட்டுமல்ல. நிஜ வாழ்க்கையில் இருப்பதுபோல் வன்முறை தெரிந்தால் 16. காரணமே இல்லாத கொலை, தற்காத்துக்கொள்ள முடியாதவர் மேல் தாக்குதல், மிகக் கோரமான வன்முறை என்றால் 18. இந்த வரையறை ஒரு விசுவாசியின் மனச்சாட்சிக்கு ஆச்சரியப்படும் அளவுக்கு அருகில் வருகிறது. இஎஸ்ஆர்பி 1994இல் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு மார்ட்டல் காம்பாட் போன்ற கேம்களைப் பற்றி அமெரிக்க செனட்டில் நடந்த விசாரணையின் விளைவு அது. அதன் முத்திரையில் எழுத்துக்குப் பக்கத்திலேயே கார்ட்டூன் வன்முறை, கற்பனை வன்முறை, தீவிர வன்முறை, ரத்தமும் சிதைவும் என்று பிரித்து எழுதியிருப்பார்கள். அதன் இணையதளத்தில் பல கேம்களுக்கு ஒரு பத்திச் சுருக்கமும் உண்டு. எந்தக் காட்சியில் என்ன வரும் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லும். முதலில் வாசிக்க வேண்டியது அதைத்தான்.

முத்திரைக்கு மூன்று ஓட்டைகள் உண்டு. ஆன்லைனில் மற்றவர்கள் பேசுவதும் செய்வதும் மதிப்பீட்டில் சேராது. ரசிகர்கள் தாங்களே செய்து கேமில் சேர்க்கும் மாற்றங்களும் ('மாட்') சேராது. 2005இல் ஜிடிஏ: சான் ஆண்ட்ரியாஸ் கேமுக்குள் மறைத்து விடப்பட்டிருந்த ஒரு பாலியல் பகுதியை ஒரு மாட் திறந்துவிட்டது, 17 வயதுக்கு மேல் என்றிருந்த முத்திரையை இஎஸ்ஆர்பி பெரியவர்களுக்கு மட்டும் என்று மாற்ற வேண்டியதாயிற்று. மூன்றாவது, கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் வரும் பல சிறு கேம்களுக்கு எந்த அமைப்பின் முத்திரையும் இருக்காது. தயாரித்தவரே எழுதிய உள்ளடக்கக் குறிப்பு மட்டும் இருக்கும். அங்கே பெரும்பாலான நாடுகளில் வயதைச் சரிபார்ப்பது என்பது பிறந்த தேதி கேட்கும் ஒரு பெட்டி. எந்தத் தேதியையும் போடலாம்.

அடுத்து, டிரெய்லரைத் தவிருங்கள். யாரும் பேசாமல், வெட்டி ஒட்டாமல் ஆடும் வீடியோ ஒன்றைத் தேடி, கேமின் தொடக்கத்தை விட்டுவிட்டு நடுவிலிருந்து அரை மணி நேரம் பாருங்கள். தொடக்கம் பயிற்சிக்கானது, ஆயுதங்களும் கொலை அசைவுகளும் முழுதாகத் திறப்பது நடுப்பகுதியில். பார்க்கும்போது கதையைக் கவனிக்காமல், திரையின் மூலைகளில் எண்கள் எப்போது ஏறுகின்றன என்று மட்டும் கவனியுங்கள். எந்தச் செயலுக்குப் பிறகு மணியடிக்கிறது, ஒளி மின்னுகிறது, பரிசுப் பெட்டி விழுகிறது? அதுதான் கேமின் உபதேசம்.

வாங்கிய பிறகு செட்டிங்ஸுக்குள் ஒரு முறை போய் வாருங்கள். கால் ஆஃப் டியூட்டி வரிசையில் பல கேம்களிலும் கியர்ஸ் ஆஃப் வாரிலும் ரத்தம், உறுப்புச் சிதைவு, கெட்ட வார்த்தை ஆகியவற்றைக் குறைக்கவோ அணைக்கவோ முடியும். சிலவற்றில் இந்தக் கேள்வி முதல் தடவை திறக்கும்போது மட்டும் வரும். அவசரத்தில் சரி என்று அழுத்தியவர்கள் பிறகு மெனுவில் தேட வேண்டும். ஆனால் இது கண்ணுக்குத்தான் உதவும். கூலிக் கணக்கை எந்த செட்டிங்கும் மாற்றாது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ரத்தமே இல்லாத கேமில்தான் பல விசுவாசிகள் வழுக்கி விழுகிறார்கள். ஃபோர்ட்நைட்டில் ரத்தம் கிடையாது, வீழ்ந்தவர் மறைந்துவிடுவார். ஆனால் வீழ்த்திய இடத்தில் நின்று நடனமாடிக் கேலி செய்ய வசதி உண்டு, அந்த நடனங்கள் காசுக்கும் விற்கப்படுகின்றன. "உன் சத்துரு விழும்போது சந்தோஷப்படாதே" என்று நீதிமொழிகள் 24:17 சொல்வதை இவ்வளவு துல்லியமாக மீறும் ஒரு பொத்தானை வேறெங்கும் பார்க்க முடியாது.

ஆடிக்கொண்டே மற்றவர்களோடு பேசும் வாய்ஸ் சாட் அடுத்தது. நான்காம் நூற்றாண்டில் அலிப்பியுஸ் என்ற இளைஞனை அவனுடைய நண்பர்கள் ரோமில் வாள்வீரர் சண்டைக்கு இழுத்துப் போனதைச் சபைப் பிதா அகஸ்டின் எழுதியிருக்கிறார். பார்க்கமாட்டேன் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தான். யாரோ விழுந்ததும் கூட்டம் ஒரே குரலில் கத்தியது. கண் திறந்தது, அதற்குப் பிறகு அவனால் மூட முடியவில்லை. அவனைப் பிடித்தது ரத்தம் என்பதைவிட இரைச்சல் என்றே சொல்ல வேண்டும். ஹெட்செட்டில் முன்பின் தெரியாத மூன்று பேர் ஓயாமல் வசைபாடிக்கொண்டிருக்க, கெட்ட வார்த்தை வாயிலிருந்து புறப்படவேண்டாம் என்னும் எபேசியர் 4:29ஐ மனதில் வைத்து ஆடுவது நடைமுறையில் நடக்காத காரியம். ஆடியோ செட்டிங்கில் வாய்ஸ் சாட்டை 'நண்பர்கள் மட்டும்' என்று மாற்றுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் முழுவதும் அணைத்துவிட்டு, தெரிந்தவர்களோடு தனியாக ஒரு அழைப்பில் பேசிக்கொண்டு ஆடுங்கள். எழுத்துச் சாட்டையும் மறக்காமல் மூடுங்கள். பலர் மைக்கை மட்டும் அணைத்துவிட்டு அதை விட்டுவிடுகிறார்கள்.

கோபத்தின் மூலம் எங்கே என்பதிலும் தெளிவு வேண்டும். 2014இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வில், கட்டுப்பாடுகள் கைக்கு அடங்காமல் ஆடுகிறவரைத் தோற்கடிக்கும் கேம்கள், வன்முறை இருந்தாலும் இல்லாவிட்டாலும், எரிச்சலைக் கூட்டின. வெற்றி தோல்விக்கேற்பத் தரவரிசை ஏறி இறங்கும் ரேங்க் முறையில் அணியாக ஆடித் தோற்கிறவரைப் பார்த்தால் இது புரியும். ஆகவே, ஆடி முடித்துப் பத்து நிமிடத்தில் வீட்டில் யாராவது சாதாரணமாக ஏதாவது கேட்டால் வருகிற பதிலின் தொனியைக் கவனியுங்கள். ரேங்க் ஆட்டத்துக்குப் பிறகு மட்டும் தொனி மாறுகிறது என்றால் கேமையே அழிக்க வேண்டாம். ரேங்க் பகுதியை விட்டுவிட்டுச் சாதாரண ஆட்டத்துக்கு மாறினால் போதும். எதை ஆடினாலும் மாறுகிறது என்றால் அழிப்பதுதான் வழி.

அடிமைத்தனத்தைச் சோதிக்க (1 கொரிந்தியர் 6:12) இரண்டு வாரம் நிறுத்திப் பார்க்கலாம் என்று பலரும் சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஆனால் எந்த இரண்டு வாரம்? ஒரு சீசன் முடிவதற்குள் ஆடி ஆடிப் பரிசுகளைத் திறக்கும் பேட்டில் பாஸ் உள்ள கேம்களில் சீசன் தொடங்கிய புதிதில் விடுவது சுலபம். காசு கொடுத்து வாங்கிய பாஸில் பாதிப் பரிசுகள் இன்னும் திறக்காமல், சீசன் முடியப் பத்து நாள் இருக்கும்போது விட்டுப் பாருங்கள்.

இவ்வளவு சொன்னாலும், வன்முறை கேம் ஆடுகிறவன் கொலைகாரன் ஆவான் என்று பிரசங்க மேடையிலிருந்து சொல்வது தவறு. அமெரிக்க உளவியல் சங்கம் 2015இல், வன்முறை கேம்களுக்கும் ஆக்ரோஷமான நடத்தைக்கும் தொடர்பு உண்டு என்றது. குற்றச் செயல்களோடு தொடர்பு காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்றும் அப்போதே சொன்னது. 2020இல் இன்னும் தெளிவாக, கத்துவது, தள்ளுவது போன்றவற்றோடு சிறிய தொடர்பு இருந்தாலும், வன்செயல்களுக்கு கேம்களைக் காரணமாக்குவது அறிவியல்படி சரியல்ல என்றது. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2019இல் 14, 15 வயதுப் பிரிட்டிஷ் பிள்ளைகள் சுமார் 1,000 பேரிடம் நடத்திய ஆய்வில் அந்தச் சிறிய தொடர்புகூடத் தென்படவில்லை. கேமைத் திட்டப் பொய்ச்சாட்சி சொல்வதும் பத்துக் கட்டளைகளில் ஒன்றை மீறுவதுதான். பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு நாம் சொல்லும் உண்மையான எச்சரிக்கையும் எடுபடாது.

பெற்றோருக்குச் சில நேரடிக் குறிப்புகள். பிள்ளைக்கென்று தனிக் கணக்கு தொடங்கி உண்மையான பிறந்த தேதியைக் கொடுங்கள். வயது வரம்பு எல்லாம் அந்தத் தேதியை வைத்துத்தான் இயங்குகிறது. கட்டுப்பாடு தோற்றுப்போவதற்கு முதல் காரணம், அப்பாவின் கணக்கு பூட்டு இல்லாமல் அதே கன்சோலில் திறந்து கிடப்பது. உங்கள் கணக்குக்குப் பாஸ்கோட் போடுங்கள். விருந்தினராக நுழைவதையும் புதுக் கணக்கு தொடங்குவதையும் தடுத்து வையுங்கள். பிளேஸ்டேஷன் 4இல் பெற்றோர் கட்டுப்பாட்டின் ரகசிய எண் தொடக்கத்தில் 0000. மாற்றாவிட்டால் பிள்ளைக்கு அதைத் தேட ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆண்ட்ராய்டில் வெளியிலிருந்து ஏபிகே கோப்பாக (செயலியை நேரடியாக நிறுவும் கோப்பு) ஏற்றிய கேமுக்கு கூகுள் ப்ளேயின் வயது வரம்பு பொருந்தாது. தெரியாத இடத்திலிருந்து நிறுவும் அனுமதியை அணைத்து வையுங்கள். கேமைத் தடுத்துவிட்டு, அதே கேமை மற்றவர்கள் ஆடும் வீடியோக்களைத் திறந்து விட்டால் என்ன பலன்? ரத்தமும் வசவும் அப்படியே வந்து சேரும்.

நேரத்தைக் கடிகாரத்தால் அளந்தால் சண்டைதான் வரும். நூறு பேர் இறங்கி ஒருவரோ ஓர் அணியோ மிஞ்சும் வரை மோதும் பேட்டில் ராயல் ஆட்டம் ஒன்று கடைசி வரை போனால் இருபது முப்பது நிமிடம் ஆகும். நடுவில் கன்சோல் தானாக அணைந்தால் அணியைக் கைவிட்டதாகிவிடும். பல கேம்களில் ரேங்க் ஆட்டத்தை இப்படி விட்டுப் போனால் தண்டனையும் உண்டு. பிளேஸ்டேஷனில் நேரம் முடிந்தால் அறிவிப்பு மட்டும் வரட்டும் என்றும் வைக்கலாம், தானாக வெளியேற்றட்டும் என்றும் வைக்கலாம். முதலாவதைத் தேர்ந்தெடுத்து, 'இரண்டு ஆட்டம், எட்டரைக்குப் பிறகு புதிதாக ஒன்று தொடங்கக்கூடாது' என்பதுபோல் ஆட்டக் கணக்கில் பேசிக்கொள்ளுங்கள். பேச்சு இரண்டு முறை மீறப்பட்டால் இரண்டாவதுக்கு மாற்றுங்கள்.

வாலிபர் கூட்டத்தில் கேம் வைப்பதாக இருந்தால், பலவீனமான சகோதரனுக்கு இடறலாக இருக்காதே என்னும் ரோமர் 14 முழுவதும் பொருந்தும். வீட்டில் ஆட உங்களுக்கு நிச்சயம் இருக்கலாம். சபை அறையில் பெரிய திரையில் ஓடும்போது, கேம் பழக்கத்தை விட்டு வெளியேறப் போராடிக்கொண்டிருப்பவனும், 12 வயதுத் தம்பியும் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே இருப்பவர்களில் இளையவரின் வயதுக்கு ஏற்ற முத்திரை, வாய்ஸ் சாட் இல்லாமல், ஒரே அறையில் இருப்பவர்கள் மட்டும் ஆடுவது: இந்த மூன்றும் போதும். கார் பந்தயமும் கால்பந்தும் சலித்துப்போனது என்று முணுமுணுப்பு வரும், வரட்டும்.

வாங்கிய பிறகுதான் ஒத்துவராது என்று தெரிந்தால், ஸ்டீமில் 14 நாளுக்குள், ஆடிய நேரம் இரண்டு மணி நேரத்துக்குள் இருந்தால் ரீஃபண்ட் கேட்கலாம். காரணம் கேட்கும் பெட்டியில் உள்ளடக்கம் எதிர்பார்த்தபடி இல்லை என்று எழுதினாலே போதும். பிளேஸ்டேஷன் ஸ்டோரிலும் 14 நாள் உண்டு, ஆனால் டவுன்லோடு தொடங்கிவிட்டால் பொதுவாகப் பணம் திரும்பாது. அதனால் அங்கே வாங்கியதும் டவுன்லோடு பொத்தானைத் தொடுவதற்கு முன் அந்த அரை மணி நேர வீடியோவைப் பார்த்துவிடுங்கள். தானாக டவுன்லோடு ஆகும் வசதியையும் முன்கூட்டியே அணைத்து வையுங்கள்.